கடல் வேண்டாம் தம்பி, மணலுதான் வேணும்: பீச் சாக்கர் வேர்ல்டு கப் பத்தி கொஞ்சம் விரிவா

தம்பி, நீ கேட்டத முதல்ல ஒரு தடவ சொல்லிக்கிடுதேன், மத்தவங்களும் படிப்பாங்கல்லா. 2025 மே மாசம் சீஷெல்ஸ்ல நடந்த பீச் சாக்கர் வேர்ல்டு கப் கிளிப்ப பாத்துருக்க, பாத்துட்டு "அண்ணே, இத நாங்க உவரி கடக்கரையில டவுசர் போட்ட வயசுல இருந்து வெளாடுதோமே, இதுக்கெல்லாமா வேர்ல்டு கப்பு, இதுல நம்ம நாடு எங்க, நாங்க ஆடணும்னா என்ன செய்யணும்"னு கேட்டுருக்க. நல்ல கேள்வி, ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போக மனசு வரல.

முதல்ல ஒடச்சு சொல்லிருதேன், கோவப்படாத. நீங்க உவரியில ஆடுதது பீச் சாக்கர் கிடையாது. அது கடக்கரையில ஆடுத புட்பால். ரெண்டும் வேற ஆட்டம்.

நான் திசையன்விளைப் பக்கத்துக்காரன், பாளையங்கோட்டையில பதினெட்டு வருஷமா பிள்ளைகளுக்கு புட்பால் சொல்லிக் குடுக்கேன், ஊருக்கு வரும்போதெல்லாம் கப்பல் மாதா கோயிலுக்குக் கீழ நின்னு உங்க ஆட்டத்த பாத்துருக்கேன். அலை வந்து நனச்சுட்டுப் போன ஈர மணல்லதான் ஆடுதிய. அது களத்து மேடு மாதிரி கெட்டியா இருக்கும், பந்து உருளும், ஓடுனா கால் பொதையாது. நல்லாத்தான் ஆடுதிய, அதுல கொற சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ஒருநா உங்க ஆளுகளையே மேல கூட்டிட்டுப் போயி, வள்ளம் ஏத்தி வச்சிருக்க எடத்துக்குப் பக்கத்துல காஞ்ச மணல்ல ஆடச் சொன்னேன், நீ அன்னைக்கு இல்ல. முதல் பாஸ் அடிச்சான் ஒருத்தன், பந்து நாலு அடி போயி யாரோ நடந்துபோன காலடிக் குழியில விழுந்து அப்படியே நின்னுட்டு. அடுத்தவன் ஓடி வந்து எத்துதான், பந்துக்கு முந்தி மணலு பறக்கு. பத்து நிமிஷம் ஆகல, எல்லாவனும் இடுப்புல கைய வச்சுக்கிட்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கான். அப்ப அந்த ஒல்லிப் பையன், சிவப்பு பனியன் போட்டிருப்பானே, அவன் மட்டும் பந்துக்கு அடியில பெருவிரல நொழச்சு ஒரு கிண்டு கிண்டுனான், பந்து மொழங்கால் உசரத்துக்கு எழும்பிச்சு, தொடையில ஒரு தட்டு, கீழ விழ விடாம அந்தரத்துலயே ஒரு அடி. கோலுக்குப் போகல, நேரா கடலுக்குத்தான் போச்சு. ஆனா அந்த அடிதான் தம்பி பீச் சாக்கர்.

ஆழமான மணல்ல பந்த உருட்ட முடியாது, உருட்டுனா எங்க திரும்பும் எங்க நிக்கும்னு அடிச்சவனுக்கே தெரியாது. அதனால பந்து காத்துலயே போகணும், காத்துலயே வாங்கணும், காத்துலயே அடிக்கணும். இந்த ஆட்டத்துல நீ பாக்குற எல்லாம், அந்த தலைகீழா பாய்ஞ்சு அடிக்கிற பைசைக்கிள் கிக்கு உட்பட, இந்த ஒரு விஷயத்துல இருந்து வந்ததுதான். கிளிப்ல பாத்தா வித்தை காட்டுத மாதிரி இருக்கும், ஆனா அவனுக்கு அதுதான் சுருக்கு வழி. நெஞ்சுல வாங்குன பந்த கீழ போட்டு திரும்பி அடிக்கிறதுக்குள்ள பந்து மணல்ல பொதஞ்சு போயிரும், அதுக்கு அப்படியே மல்லாந்து அடிச்சுரலாம், விழுந்தாலும் மணலு தாங்கிக்கிடும்.

இப்ப மணலப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா ஃபிஃபா (உலக புட்பால் அமைப்பு) விதியில மணலப் பத்தி எழுதியிருக்கத படிச்சப்ப எனக்கு நம்ம ஊரு ஞாபகம்தான் வந்துது. சர்வதேச போட்டின்னா மணலு குறைஞ்சது 40 சென்டிமீட்டர் ஆழம் இருக்கணும், சலிச்சிருக்கணும், கல்லு சிப்பி எதுவும் கெடக்கக் கூடாது, பருமணலா இருக்கக் கூடாது, அதே நேரம் தூசி பறந்து மேல ஒட்டுத அளவுக்கு மாவு மாதிரியும் இருக்கக் கூடாது. அந்தக் கடைசி விதியில நம்ம தேரி மணலு, அந்த செம்மணல் மேட்டு மணலு, அடிபட்டுப் போயிரும். குதிரைமொழி தேரியில செத்த நேரம் நடந்துட்டு வந்தாலே வேட்டியெல்லாம் செவப்பாயிரும், அதுல வேர்வையோட ஆடுனா என்னாகும். கடக்கரை மணலு நமக்கு சரிப்பட்டு வரும், ஆனா அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, நம்ம கரையில கார்னெட், இல்மனைட்னு தாது கலந்த கருஞ்செவப்பு மணலு நெறைய, அது வெயில வாங்கி வச்சுக்கிட்டு கொதிக்கும். இந்த ஆட்டம் வெறுங்கால்லதான் ஆடணும், பூட்ஸுக்கு அனுமதியே கிடையாது, கணுக்காலுக்கு பேண்டேஜ் சுத்திக்கிடலாம் அவ்வளவுதான். நம்ம ஊர்ல பதினோரு மணிக்கு மேல அந்த மணல்ல செருப்பு இல்லாம நிக்க முடியுமா, நீயே சொல்லு.

சிப்பி விஷயத்த நான் பட்டுதான் கத்துக்கிட்டேன். சில வருஷம் முந்தி ஒரு கடக்கரை ஊர்ல (பேரு வேண்டாம்) திருவிழாவுக்கு நானே முன்ன நின்னு ஒரு மணல் டோர்னமென்ட் நடத்துனேன், ரெண்டு நாள்ல ஏற்பாடு பண்ணுனது, மணல கையால பொறுக்கிட்டா போதும்னு நெனச்சுட்டேன். ரெண்டாவது மேட்ச்ல ஒரு பையன் குதிகால்ல ஓட்டுச் சிப்பி ஏறி நாலு தையல். அந்தப் பிள்ளையோட அம்மா என்னைய ஒரு வார்த்த கேக்கல, அதுதான் இன்னும் மனசுல கெடக்கு. சலிக்காத மணல்ல அதுக்கப்பறம் நான் யாரையும் எறக்குனதில்ல.

ஆட்டத்தோட கணக்க சொல்லுதேன். ஒரு பக்கம் கோல்கீப்பரோட சேத்து 5 பேரு, டீம்ல மொத்தம் 12 பேரு வச்சுக்கிடலாம், எத்தன தடவ வேணும்னாலும் ஆள மாத்தலாம், மாத்தியே தீரணும், மணல்ல மூணு நிமிஷம் முழு வேகத்துல ஓடுனவனக் கேளு. நேரம் 12 நிமிஷம் வீதம் மூணு பாகம், நடுவுல 3 நிமிஷம் ஓய்வு. கோர்ட்டு 35-லிருந்து 37 மீட்டர் நீளம், 26-லிருந்து 28 மீட்டர் அகலம். கோல்போஸ்ட் 5.5 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம், இவ்வளவு சின்ன கோர்ட்டுக்கு அது பெரிய போஸ்ட்டு, அதான் எங்க இருந்து அடிச்சாலும் கோலுக்கு வாய்ப்பு இருக்கு. நடுக்கோடு, பெனால்டி கோடு எல்லாம் மணல்ல போட மாட்டாங்க, ஓரத்துல கொடி ஊனியிருக்கும், அத வச்சு மனசுல கோடு போட்டுக்கிடணும். பந்து பாக்க நம்ம பந்து அளவுதான், ஆனா காத்து கம்மி, 0.4-லிருந்து 0.6 அட்மாஸ்பியர்தான் அடைக்கணும், சாதாரண மேட்ச் பந்துல 1.1 வரைக்கும் அடைப்பாங்க. வெறுங்கால்ல அடிக்கிறதுக்குத்தான் அந்த மெத்துமெத்துப்பு. கல்லு மாதிரி காத்தடச்ச பந்த வெறுங்கால்ல இருபது நிமிஷம் அடிச்சுப் பாரு, அடுத்தநா செருப்பு மாட்ட முடியாது.

ஃப்ரீ கிக்குதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். இதுல தடுப்புச் சுவரு போட முடியாது, எந்த ஃபவுலா இருந்தாலும் நேரடியா கோலுக்கு அடிக்கலாம். அடிக்கிறவன் பந்த மணல்ல வச்சு ரெண்டு கையாலயும் அமுக்கித் திருகுவான், பந்துக்கு அடியில ஒரு சின்ன மேடு மாதிரி வந்துரும், அது மேல பந்து முட்ட வச்சாப்ல நிக்கும். பின்ன நாலு எட்டு பின்னால போயி... அந்தப் பக்கம் கீப்பர் மட்டும் தனியா நிக்கான். யோசிச்சுப் பாரு, சாதாரண புட்பால்ல நடு மைதானத்துல ஃபவுல் பண்ணிட்டு தப்பிச்சுருவோம், இதுல எங்க ஃபவுல் பண்ணாலும் பாதி கோலு குடுத்த மாதிரி. அதனால தடுக்கிறவன் காலப் போடாம தடுக்கணும், அது தனிப் படிப்பு. வெளிய போன பந்த போடுததுக்கு, ஃப்ரீ கிக்குக்கு எல்லாம் 4 விநாடிதான், ரெஃப்ரி கைய நீட்டி விரல மடக்கி எண்ணுவாரு, சட்ட தூசிய தட்டிக்கிட்டு நிக்க நேரம் கிடையாது.

டிராவும் கிடையாது. 36 நிமிஷத்துல சமமா நின்னா 3 நிமிஷம் கூடுதல் நேரம், அதுலயும் சமம்னா பெனால்டி. குரூப் மேட்ச்லயும் இதே கததான், பாயிண்ட் குடுக்குறதுலதான் வித்தியாசம் வச்சிருக்காங்க: நேரத்துக்குள்ள ஜெயிச்சா 3, எக்ஸ்ட்ரா டைம்ல ஜெயிச்சா 2, பெனால்டில ஜெயிச்சா 1, தோத்தவனுக்கு ஒண்ணும் இல்ல. ரொம்ப நியாயமான கணக்குன்னு நான் நெனைக்கேன், பதினோரு பேரு ஆட்டத்துலயும் இத வச்சா கடைசி பத்து நிமிஷம் பின்னால பின்னால பாஸ் போடுத பழக்கம் ஒழிஞ்சிரும்.

இனி வேர்ல்டு கப்புக்கு வாரேன். முதல் உலகப் போட்டி 1995-ல ரியோ டி ஜெனிரோவுல கோபகபானா கடக்கரையில நடந்துது. 2004 வரைக்கும் வருஷா வருஷம் பிரேசில்லயே நடத்துனாங்க, பத்துல ஒம்போது பிரேசிலுக்கு, 2001-ல மட்டும் போர்ச்சுகல் தட்டிட்டுப் போச்சு. 2005-ல ஃபிஃபா கையில எடுத்துது, முதல் போட்டி அதே கோபகபானா. எல்லாரும் பிரேசில்தான்னு இருந்தப்ப ஜெயிச்சது பிரான்ஸ், ஃபைனல்ல போர்ச்சுகல பெனால்டில தோக்கடிச்சாங்க, கோச்சு யாரு தெரியுமா, எரிக் கான்டோனா. மான்செஸ்டர் யுனைடெட்ல காலர தூக்கி விட்டுக்கிட்டு ஆடுன அதே ஆளு. அதுக்கப்பறம் 2006-லிருந்து 2009 வரைக்கும் நாலு தடவ தொடர்ந்து பிரேசில். 2009-க்கு பெறகு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவன்னு ஆச்சு, 2021-க்கு அடுத்தது மட்டும் தள்ளிப்போயி 2024 பிப்ரவரியில துபாய்ல நடந்துது. ஃபைனல் ரவுண்டுக்கு 16 நாடு வரும், நாலு குரூப்பு.

இங்கதான் நீ கவனிக்கணும். 2011-ல இத்தாலி ரவென்னாவுல ஃபைனல்ல பிரேசில 12-8-ன்னு தோக்கடிச்சது யாருன்னா ரஷ்யா. வருஷத்துல பாதி பனி மூடிக் கெடக்கிற நாடு. கூரை போட்ட ஹாலுக்குள்ள மணலக் கொட்டி குளிர்காலம் முழுக்க ஆடுன நாடு. 2013-லயும் 2021-லயும் அவங்களேதான். 2009 ஃபைனல் ஆடுனது சுவிட்சர்லாந்து, 2019-ல போட்டிய நடத்துனது பராகுவே, 2025 ஃபைனல்ல பிரேசில 4-3 வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தது பெலாரஸ். மேப்ப எடுத்துப் பாரு, இந்த மூணு நாட்டுக்கும் கடலே கிடையாது! நம்ம மாதிரி வாசல்ல கடல வச்சுக்கிட்டு இருக்கவன் இல்ல, எங்கேயோ இருந்து மணலக் கொண்டாந்து கொட்டி அதுல பந்த காத்துல தட்டிப் பழகுனவன்.

அப்ப பிரேசில் ஏன் இத்தன தடவ, ஃபிஃபா கணக்குல மட்டும் 7 தடவ, ஜெயிக்குதுன்னு கேப்ப. அவங்க கடல்னால இல்ல, கடக்கரைப் பழக்கத்துனால. ரியோவுல சாயங்காலம் ஆனா நாலஞ்சு பேரு வட்டமா நின்னுக்கிட்டு பந்து மண்ணத் தொடாம தட்டிக்கிட்டே இருப்பாங்க, ஆம்பள பொம்பள பெரியவங்க சின்னப் பிள்ளைக வித்தியாசமே கிடையாது, அதுக்கு ஜெயிப்பு தோல்வியும் கிடையாது. இன்னொண்ணு ஃபுட்வாலி, வாலிபால் நெட்டு கட்டி காலாலயும் நெஞ்சாலயும் தலையாலயும் ஆடுதது, அதுவும் கோபகபானாவுல 1960-கள்ல பொறந்த ஆட்டம்தான். இந்த ரெண்டுலயும் பத்து வருஷம் ஊறுன பையனுக்கு பீச் சாக்கர்ல புதுசா கத்துக்கிட பந்து சமாச்சாரம் ஒண்ணுமே இல்ல, ஆட்ட வியூகம் மட்டும்தான் பாக்கி. போர்ச்சுகல் மாஜர்னு ஒருத்தர் இருந்தாரு, 2006 வேர்ல்டு கப் ஒண்ணுல மட்டும் 21 கோலு. அவர் ஆட்டத்த தேடிப் பாரு, ஓடுததே கம்மி, பந்து வருத எடத்துல முன்கூட்டியே போயி நிப்பாரு. மணல்ல வேகமா ஓடுதவன விட சரியா நிக்கிறவனுக்குத்தான் மதிப்பு.

என் மனசுக்கு நெருக்கமான டீமு எதுன்னா தாஹிதி. பசிபிக் கடல் நடுவுல ஒரு தீவு, சனத்தொகை ஏறக்குறைய 2 லட்சம், 2011 கணக்குப்படி நம்ம திருநெல்வேலி மாநகராட்சியில இருந்த ஆளுல பாதிகூட வராது. 2013-ல வேர்ல்டு கப்ப அவங்க ஊர்ல நடத்தி நாலாவது வந்தாங்க, 2015-ல ஃபைனலு, 2017-ல மறுபடி ஃபைனலு. பதினோரு பேரு புட்பால்ல அவ்வளவு சின்ன ஊரு ஃபைனலுக்கு வருத கத நடக்குமா. அஞ்சு பேரு ஆட்டம்னதால நடந்துது, பன்னெண்டு நல்ல ஆளத் தேத்திட்டா போதும். நீ பாத்த சீஷெல்ஸும் அப்படித்தான், சுமார் 1 லட்சம் சனம், ஆப்பிரிக்காவுல முதல் தடவையா இந்த வேர்ல்டு கப்ப நடத்துன நாடு. அந்த மாஹே தீவுல நம்ம தமிழாளுக தலைமுறையா இருக்காவ, விக்டோரியா டவுன்ல நவசக்தி விநாயகர் கோயிலே இருக்கு, கோபுரத்தோட. மேட்ச் பாக்க நம்மாளுகளும் போயிருப்பாவ.

நம்ம நாட்டு கதைக்கு வாரேன், அது சின்னக் கததான். இந்தியா 2007-ல ஆசியப் போட்டியில ஆடுச்சு, அதுக்கப்பறம் ரொம்ப காலம் ஒண்ணும் இல்ல, 2025 மார்ச்சுல தாய்லாந்து பட்டாயாவுல நடந்த ஏசியன் கப்லதான் திரும்ப எறங்குச்சு. தாய்லாந்து, குவைத், லெபனான் இருந்த குரூப்பு, குரூப்ப தாண்ட முடியல. அந்தப் போட்டியில இருந்து சீஷெல்ஸுக்குப் போனது ஈரான், ஓமன், ஜப்பான். உள்ளூர்ல தேசியப் போட்டின்னு ஒண்ணு ஆரம்பிச்சதே 2023-லதான், குஜராத் சூரத்துல, ஃபைனல்ல கேரளா பஞ்சாப 13-4-ன்னு அடிச்சுது. பஞ்சாபுக்கும் கடல் இல்ல, பாத்துக்கோ. அதே வருஷம் கோவா தேசிய விளையாட்டுலயும் தங்கம் கேரளாவுக்குத்தான். இதுல வருத்தப்படவும் இருக்கு, சந்தோஷப்படவும் இருக்கு. பெரிய புட்பால்ல நீ இன்னைக்கு ஆரம்பிச்சா உனக்கு முன்னால நூறு வருஷ க்யூ நிக்கி, இதுல க்யூவே இன்னும் சேரல, இருவது வயசுல நீங்க நின்னா முன்னாலயே நிக்கலாம்.

சரி, உவரியில என்ன செய்யணும்? மணலக் கொண்டாந்து கொட்டி கோர்ட்டு போடலாம்னு உங்க ஆளுக யாராவது சொன்னா ஒரு கணக்கப் போட்டுக் காட்டு. 37-க்கு 28 கோர்ட்டுல 40 சென்டிமீட்டர் மணலுன்னா 414 கனமீட்டரு, நம்ம லாரிக்காரங்க பேசுத யூனிட்ல சுமார் 146 யூனிட்டு, சுத்தி விழுந்து எழும்ப எடமும் சேத்தா 180-ஐத் தாண்டிரும். ஆத்து மணலுக்கு இருக்க தட்டுப்பாட்டுல வீடு கட்டுதவனுக்கே கெடைக்கல. கடக்கரை மணல அள்ளிட்டுப் போகவும் முடியாது, 2013-லயே தடை வந்தாச்சு. பாளையங்கோட்டையில இருக்க எனக்கு இந்த ஆட்டம் ஆட வழி இல்ல, உனக்கு அந்த 180 யூனிட்டும் வாசல்ல சும்மா கெடக்கு. அள்ள வேண்டாம், கெடக்குற எடத்துலயே சலிச்சா போதும். கொத்தனாரு சாய்ச்சு வச்சு சலிக்கிற பெரிய சல்லடை இருக்குல்லா, அதுல ரெண்டு போதும். முதல் நாளே நாப்பது சென்டிமீட்டர் சலிக்க வேண்டாம், ஒரு சாண் ஆழம் வரைக்கும் சிப்பி, தூண்டி முள்ளு, அந்து கெடக்குற நைலான் வலைத் துண்டு, பாட்டில் சில்லு இதெல்லாம் போனா பழகுததுக்கு தைரியமா எறங்கலாம். வள்ளம் ஏத்தி எறக்குற வழிய விட்டுத் தள்ளிப் போடு, தொழிலுக்குப் போறவங்க கூட மனக்கசப்பு வந்தா ஆட்டம் ஒரு மாசம் நடக்காது, ஊர்க் கமிட்டியில முன்னக்கூட்டியே ஒரு வார்த்த சொல்லிரு.

போஸ்ட்டுக்கு சவுக்குக் கம்பு. பத்தடி கம்பு நாலு, ஏழடிக்கு கொஞ்சம் கூடுதலா வெளிய தெரியுத மாதிரி ஊனு, மேல குறுக்க பதினெட்டடி கம்பு ரெண்டு. வலை உங்க ஊர்ல நான் சொல்லணுமா, பழைய வலை எத்தன வேணும். பந்து காத்த பாதிக்கு எறக்கிரு, பெருவிரலால அமுக்குனா நல்லா உள்ள போகணும்.

ஆட்டம்னு ரெண்டு பக்கம் பிரிஞ்சு முதல் மாசம் ஆடவே ஆடாதிய. அஞ்சு பேரு வட்டமா நில்லுங்க, பந்து கீழ விழாம எண்ணுங்க. முதல் நாள் ஏழு எட்டுக்கு மேல போகாது, இருவது வந்தா என்கிட்ட சொல்லு. அடுத்தது கீப்பரு கையால தூர எறியணும், முன்னால கோலுக்கு முதுகு காட்டி நிக்கிறவன் நெஞ்சுல வாங்கி, விழுததுக்கு முன்னாடி திரும்பி அடிக்கணும். பீச் சாக்கர்ல பாதி கோலுக்கு ஆரம்பம் கீப்பரு கைதான், அதனால நல்லா எறியத் தெரிஞ்சவன கீப்பரா போடு, குண்டா இருக்கவன நிறுத்துத பழக்கம் இங்க செல்லாது. மேக்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து தொடங்கிட்டா சாயங்காலம் பந்து நெனச்ச எடத்துக்குப் போகாது, காலையில காத்து எழும்புததுக்குள்ள முடிச்சுருங்க, வெயிலுக்கும் அதுதான் நல்லது.

வர்ற ஞாயித்துக்கெழம தொழிலுக்கும் யாரும் போக மாட்டாவ, முதல் பூசை முடிஞ்ச கையோட நான் வந்துருதேன். சல்லடை ரெண்டும் திசையன்விளையில சொல்லி வச்சாச்சு, ஆட்டோவுல போட்டு கொண்டாரேன். கம்பு நீ பாத்துக்கோ. அந்த சிவப்பு பனியன் பையன வீட்ல போயி எழுப்பியாவது கூட்டிட்டு வந்துரு.